சீதோஷ்ணம்: மழையை விட்டுவிட்ட சொல்

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் பெரியப்பாவுக்குப் போன் செய்தால், "அங்கே சீதோஷ்ணம் எப்படி பெரியப்பா?" என்றுதான் ஆரம்பிப்பேன். பழைய வானொலிச் செய்திகளில் கேட்டு அவர் பிடித்துக்கொண்ட சொல், அவரிடமிருந்து எனக்கு வந்தது. துளி மழையில்லாமல் மாதம் முழுக்க வெயில் காய்ந்த ஒரு பங்குனியில் அவர் சொன்னார்: "வெயிலுக்கு என்னப்பா, குறைவில்லாம அடிக்குது. மானம்தான் கண்ணத் திறக்கல." அந்தப் பதிலுக்குப் பிறகுதான் இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்கத் தோன்றியது.

சீதோஷ்ணம் வடசொல். சீதம் என்றால் குளிர், உஷ்ணம் என்றால் சூடு. சூரிய, உதயம் இரண்டும் சேர்ந்து சூரியோதயம் ஆவதுபோல, சீத, உஷ்ண சேர்ந்து சீதோஷ்ணம் ஆனது. தனித்தனியாகவும் இவை நம் வீட்டுக்குள் புழங்குகின்றன. 'உடம்பு உஷ்ணம்' என்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்வார்கள். 'சீதளம்' என்று தயிரை மறுப்பார்கள்.

இதற்கு நேரான தமிழ், தட்பவெப்பம். உறுப்புக்கு உறுப்பு அப்படியே பொருந்தும். தண் என்பது குளிர்ச்சி. தண்ணீரில் இருப்பது அதுதான். அதிலிருந்து தட்பம். வெம்மையிலிருந்து வெப்பம். வெந்நீர், வெதுவெதுப்பு எல்லாம் அதே குடும்பம். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அந்தக் குடும்பத்தில் இன்னொரு சொல் நன்றாகத் தெரியும்: வெம்பல். முற்றுவதற்கு முன்பே சூட்டில் நிறம் மாறிச் சுருங்கிப்போகும் மாங்காயை 'வெம்பிப்போச்சு' என்போம். பார்க்கப் பழுத்ததுபோல் இருக்கும், கடித்தால் இனிப்பிருக்காது. தட்பவெப்பம் பாடப்புத்தகச் சொல்லாகத் தோன்றினாலும், அதன் பாதி நம் தோப்பிலேயே மரத்தில் தொங்குகிறது.

சரி, சீதோஷ்ணத்தை எடுத்துவிட்டுத் தட்பவெப்பத்தைப் போட்டால் போதுமா? போதாது என்றுதான் சொல்வேன். இரண்டுமே குளிரையும் சூட்டையும் மட்டும் பேசுகின்றன. மழை, காற்று, ஈரப்பதம், மேகம் எதற்கும் அவற்றில் இடமில்லை. பெரியப்பாவின் கவலையோ மழை. தோத்தாபுரி மாமரம் பிஞ்சு பிடித்து நிற்கும் நேரத்தில் மண்ணில் ஈரமில்லை என்றால் பிஞ்சு கொட்டும். போர் வற்றிவிட்டால் டேங்கர் தண்ணீரை விலைக்கு வாங்கி மரத்துக்கு ஊற்ற வேண்டியதுதான்.

அப்படியொரு வறண்ட மாதம் எப்படி வருகிறது? கோடைமழைக்கு நிலத்தின் சூடு மட்டும் போதாது. கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வர வேண்டும், அது மேலே எழும்பிக் குளிர வேண்டும். வளிமண்டலத்தின் மேலடுக்கில் உயர் காற்றழுத்தம் உட்கார்ந்துகொண்டால் காற்று எழும்புவதற்குப் பதிலாகக் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று சூடாகி உலர்ந்துவிடும். மேகம் திரள வழியில்லாமல் வானம் நீலமாகவே கிடக்கும்.

மேகமில்லாத வானத்துக்கு இன்னொரு குணம் உண்டு: பகலில் நிலம் வாங்கிய சூட்டை இரவில் தடுத்து வைக்க ஆளில்லை, விடிவதற்குள் வெளியேறிவிடும். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தருமபுரி அதில் பாதிதான். அதனால் ஒரே வறண்ட மாதத்தில் தளி, ஓசூர்ப் பக்கம் விடியலில் போர்வை தேட வேண்டியிருக்கும், தருமபுரி மாவட்டத்து அரூரில் மதியம் தெருவில் நடக்க முடியாது. குளிரும் சூடும் ஒரே நாளில் வந்துபோகும் இந்த மேட்டு நிலத்துக்குச் சீதோஷ்ணம் நல்ல பெயர்தான். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் மழையையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமென்றால் வானிலை என்பதே சரி. வான், நிலை இரண்டும் புணர்ந்தது. பழந்தமிழில் வான் என்றால் ஆகாயம் மட்டுமல்ல, மழையும்தான். திருக்குறளின் இரண்டாம் அதிகாரம் வான்சிறப்பு. பத்துக் குறளும் மழையைப் பற்றியவை. பெரியப்பா சொன்ன 'மானம்' வானத்தின் பேச்சுவடிவம். வானம் பார்த்த பூமியை இந்தப் பக்கம் 'மானம் பாத்த பூமி' என்றுதான் சொல்வார்கள். அங்கேயும் பார்ப்பது மழையைத்தான்.

வானிலையோடு காலநிலையைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இன்று, இந்த வாரம், இந்த மாதம் என்றால் வானிலை. ஓரிடத்தின் பல ஆண்டுச் சராசரி, வழக்கமாக 30 ஆண்டுக் கணக்கு, காலநிலை. மாத மழை இயல்பைவிட 20 முதல் 59 சதவீதம் வரை குறைந்தால் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதைப் 'பற்றாக்குறை' என்கிறது. 60-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ 'பெரும் பற்றாக்குறை'. அந்த 'இயல்பு' பல ஆண்டுச் சராசரியிலிருந்து வருவது. ஆகவே 'இந்தப் பங்குனியில் தருமபுரியில் வறண்ட வானிலை' என்று எழுதலாம். 'வறண்ட சீதோஷ்ணம்' என்று எழுதினால் குளிரும் சூடும் எப்படி வறளும் என்ற கேள்வி வரும்.

அப்புறம் ஒன்று. பெரியப்பாவிடம் இப்போதெல்லாம் "மானம் எப்படி இருக்கு?" என்றுதான் கேட்கிறேன்.