பெயிண்டைப் பார்த்து எம்ஜிபி வாங்காதீர்கள்

போன ஆண்டு ஒரு தம்பி, எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை, சிவப்பு நிறம், என் பட்டறைக்கு ஓட்டிவந்தார். வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பெயிண்ட் முகம் பார்க்கலாம் போல மின்னியது. கதவைத் திறந்துவிட்டு, அந்தப் பக்கம் நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினேன். திரும்பக் கதவைச் சாத்தினால் பூட்டு கொக்கியில் விழவில்லை.

“காலையில நல்லாத்தானே சாத்துச்சு, அண்ணே?”

“கதவுல ஒண்ணும் இல்ல தம்பி. வண்டியே வளையுது.”

இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைச் சீர்செய்வதுதான் என் தொழில். வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது கார்புரேட்டர் பற்றி, குரோம் பற்றி, சீட் தோல் பற்றி. நான் முதலில் பார்ப்பது கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டியை. ‘சில்’ என்போம். எம்ஜிபிக்குத் தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, ரோட்ஸ்டருக்கு மேற்கூரையும் இல்லை. வண்டி நடுவில் மடங்காமல் தாங்குவதில் பெரும்பங்கு இந்த இரண்டு சில்களுக்குத்தான். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு மூன்றும் சேர்ந்தால்தான் அது பெட்டி. வெளித்தகடு மட்டும் புதிதாக இருந்தால் அது வெறும் மூடி.

அந்தத் தம்பியின் வண்டியில் இருந்தது மூடிதான். வெட்டிப் பிரித்தபோது, துருப்பிடித்த பழைய தகட்டின் மேலேயே புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்திருந்தார்கள். உள்ளே கைவிட்டு அள்ளினேன். ஈரச் சேறும் அப்பளம்போல உதிர்ந்த துருவுமாக ஒரு வாளி நிறைந்தது. நடுத்தகடு இருந்த இடத்தில் அதன் மேல்விளிம்பு மட்டும் இருந்தது. குளிர்காலத்தில் சாலையில் போடும் உப்பு, முன்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகட்டை முதலில் தின்கிறது. அந்த ஓட்டை வழியாகச் சேறு உள்ளே போய்த் தங்குகிறது. சில்லின் அடியில் தண்ணீர் வடிய விட்ட துளைகளும் அடைத்துக்கொண்டால், மழை பெய்யாத நாளிலும் உள்ளே ஈரம்தான்.

வாங்கும் முன் ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிச் சில்லின் கீழ்ப்பாதி நெடுக நகர்த்திப் பாருங்கள். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் பிடி விட்டுப்போகும். கதவு இடுக்கு மேலும் கீழும் ஒரே அகலமா என்றும் பாருங்கள். லோட்டஸ் எலான் என்ற இன்னொரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்குகிறவர்கள், ஃபைபர் உடம்புதானே, துரு ஏது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்த ஃபைபருக்கு அடியில் வண்டியைத் தாங்கும் முதுகெலும்புச் சட்டம் எஃகுதான்.

இப்போது இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2018 மே முதல் பிரிட்டனில் 40 வயது தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத கார்களுக்கு ஆண்டுதோறும் செய்யும் எம்ஓடி என்ற பாதுகாப்புச் சோதனை கட்டாயமில்லை. கடைசி எம்ஜிபி அபிங்டன் ஆலையை விட்டு வெளியே வந்தது 1980இல். அப்படியானால் ஓடுகிற எல்லா எம்ஜிபியும் இந்த விலக்குக்குள் வந்துவிட்டது. முன்பு ஆண்டுக்கு ஒருமுறையாவது யாரோ ஒருவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு அடியில் பார்ப்பார். இப்போது அந்தக் கண் இல்லை. ஆனால் ஆபத்தான நிலையில் வண்டி ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதமும் லைசென்ஸில் 3 தண்டனைப் புள்ளிகளும் உண்டு. அதில் வயதுக்குச் சலுகை இல்லை.

அடுத்து பிரேக். அறுபதுகளில் வந்த இந்த வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து பிரேக் எண்ணெய்க்கு ஒரே சர்க்யூட்தான். ஓரிடத்தில் ஒழுகினால் மிதி தரையைத் தொட்டுவிடும், பிறகு கைபிரேக் மட்டுமே மிச்சம். தம்பியின் வண்டி பிரேக் மிதித்துவிட்டபின் இடப்பக்கமே இழுத்தது. அந்தப் பக்க முன்சக்கரத்துக்குப் பிரேக் எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸைக் கழற்றிக் காட்டினேன். வெளியே கீறல்கூட இல்லை. குறுக்கே வெட்டினால், உள்ரப்பர் உப்பி, நடுத் துளை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. கால் அழுத்தும் வேகத்தில் எண்ணெய் உள்ளே போய்விடுகிறது, திரும்பி வர வழியில்லை. அதனால் அந்தச் சக்கரம் விடாமல் பிடித்துக்கொண்டே ஓடிச் சூடாகிறது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 4 என்ற தரத்தில் வரும் புது எண்ணெய்க்கான குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி, ஈரம் ஏறியதற்கு 155தான். சூடான சக்கரத்தில் அது கொதித்து ஆவியானால் மிதி பஞ்சாகிவிடும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுங்கள். ஹோஸ் எப்போது போட்டது என்று தெரியாவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள்.

பெட்ரோல் குழாய்க்கும் இதே கதிதான். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் அதைத் தாங்காது, விரிசல் விட்டு, சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் கசியும். எத்தனால் 5 சதவீதத்துக்கு மேல் போகாத இ5 சூப்பர் பெட்ரோலையே போடுங்கள். பழைய பிரேக் ஷூவின் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டி வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் தலையை நீட்டாதீர்கள். ஸ்டாண்டு கொடுத்து, வண்டியை உலுக்கிப் பார்த்து, அசையவில்லை என்றால் மட்டும் படுங்கள்.

தம்பி வண்டியை விற்கவில்லை. கதவு வாசலின் குறுக்கே முட்டுக்கம்பி கொடுத்து, முதலில் இடப்பக்கம், அது முழுதாக முடிந்தபிறகுதான் வலப்பக்கம் என்று வெட்டினோம். இரண்டையும் ஒன்றாக வெட்டினால் வண்டி நடுவில் தொங்கிவிடும். ஒவ்வொரு தகடு வைத்ததும் கதவை மாட்டி இடுக்கைப் பார்த்தோம். சனிக்கிழமைதோறும் வந்து அவரே துருவைச் சுரண்டினார். உள்ளறைகளில் மெழுகு பீய்ச்சியது முழுக்க அவர் கைவேலை.

மார்ச்சில் 54.85 பவுண்டு கட்டி, கட்டாயமில்லாத அந்த எம்ஓடிக்கு அவரே கொண்டுபோனார். தேறிவிட்டது. பின் ஆக்சிலில் லேசான எண்ணெய்க் கசிவு என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதியிருந்தார்கள். அந்தத் தாளோடு நேராகப் பட்டறைக்கு வந்து, “சீல் எப்ப மாத்தலாம், அண்ணே?” என்றார்.