பேசும் கணினி ஏன் உளறுகிறது?

கிளிநொச்சி, புதுக்குடியிருப்புப் பக்கம் பார்வை இழந்தவர்கள் இருக்கும் வீடுகளுக்குச் சின்ன லினக்ஸ் கணினி பூட்டிக் கொடுப்பதும் என் தொழிலில் ஒரு பகுதி. பெரும்பாலும் ராஸ்பெரி பை என்ற, கைக்குள் அடங்கும் கணினிதான். ஈஸ்பீக் என்ஜி என்ற இலவச மென்பொருளை நிறுவி, குரலைத் தமிழுக்கு மாற்றிவிட்டால் தமிழை வாசிக்கும். நிறுவியபின் இணையம் தேவையில்லை. சில மெகாபைட் இடம் போதும். 512 மெகாபைட் நினைவகம் மட்டுமே கொண்ட பை ஸீரோ 2 என்ற சிறிய மாதிரிகூடத் தாங்கும்.

குரலைக் கேட்டதும் வீட்டாருக்கு முகம் சுருங்கும். "இதென்ன, தகரத்துக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரிக் கிடக்கு" என்பார்கள். உண்மைதான். அது மனிதக் குரலைப் பதிந்து வெட்டி ஒட்டியதல்ல, கணக்குப்போட்டு உண்டாக்கிய ஒலி. ஆனால் நாள் முழுக்கக் கேட்கப்போகிறவர் வேறு ஆள். இனிமையை விட, வேகத்தைக் கூட்டினாலும் சொல் பிடிபடுகிறதா என்பதே அவருக்கு முக்கியம். அதன் இயல்பு வேகம் நிமிடத்துக்கு 175 சொற்கள். புதிதாகக் கேட்பவருக்கு 120 அளவில் தொடங்குவேன். பிறகு கூட்டுவதும் குறைப்பதும் அவர் பாடு. பக்கத்தில் நிற்கும் மகனோ மருமகளோ அதைத் தீர்மானிக்க வேண்டாம்.

உண்மையான தலையிடி குரலில் இல்லை, கோப்பில்தான். நம் பக்கத்தில் கடிதம், சுற்றறிக்கை, பாடக்குறிப்பு என்று எத்தனையோ இன்னும் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. திரையில் 'அம்மா' என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்ற ஆங்கில விசைகள்தான். பாமினி, கண்ணால் பார்ப்பவருக்கு மட்டும் போட்ட வேஷம். கணினிக்குக் கண் இல்லை; உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். அதுதான் உளறலாகக் கேட்கிறது. "மெஷின் பழுது" என்று திருப்பிக் கொண்டுவந்தவற்றில் பல, மெஷினே பழுதில்லாதவை. கோப்பை, தமிழ் எழுத்தைத் தமிழாகவே உள்ளே பதியும் யூனிகோடு முறைக்கு மாற்றிப் போட்டதும் ஒழுங்காகக் கதைத்தன. ஸ்கேன் செய்த பிடிஎஃப் வேறு வகை: அது வெறும் படம். டெசரக்ட் போன்ற மென்பொருளால் முதலில் எழுத்தாக்க வேண்டும்; பழைய மங்கல் அச்சென்றால் பிழைகள் வரும், ஒருவர் பார்த்துத் திருத்தத்தான் வேண்டும்.

வாங்குமுன் இன்னொன்று. பை ஸீரோவிலும் பை 5இலும் ஹெட்போன் துளை இல்லை. யுஎஸ்பி ஸ்பீக்கர் எடுங்கள். கரண்ட் திடீரென்று போனால் மெமரி கார்ட் கெடலாம். ராஸ்பெரி பை அமைப்புகளில் 'ஓவர்லே' வசதியைப் போட்டால் கார்டில் எதுவும் எழுதப்படாது, அந்தப் பயம் குறையும்.

கடிதம் தட்டச்சு செய்து கொடுக்கும் கடைக்காரர்களே, பிரின்ட் எடுத்துக் கொடுப்பதோடு விடாமல் யூனிகோட் கோப்பையும் பென் ட்ரைவில் போட்டுக் கொடுங்கள்.