ஒரே உருவம், இரண்டு பாட்டு

நியோகோனோசெபாலஸ் பேரினத்து வெட்டுக்கிளியிடம் முதலில் கண்ணில் படுவது அதன் நெற்றிதான். கண்களைத் தாண்டி முன்னே நீண்டு கூம்பாக முடியும். ஆனால், ‘கூம்புத்தலை’ என்று பொருள்படும் கோனோசெபாலஸ் என்ற பெயர் இதற்குக் கிடைக்கவில்லை. 1815இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் துன்பெர்க் அமைத்த அந்தப் பெயரை, இன்று கூம்பு நீளாத சிறிய புல்வெளி வெட்டுக்கிளிகள் வைத்திருக்கின்றன. அமெரிக்கக் கண்டங்களில் வாழும் கூம்புத்தலைகளுக்கு 1907இல் ஆஸ்திரியப் பூச்சியியலாளர் கார்னி ‘நியோ’ (புதிய) என்ற முன்னொட்டோடு தனிப் பெயர் வைத்தார்.

வகைப்பாட்டில் இதன் முகவரி எளிது: ஆர்த்தாப்டெரா வரிசை, டெட்டிகோனிடே குடும்பம், கோனோசெபாலினே துணைக்குடும்பம், அதற்குள் கோபிஃபோரினி என்ற கிளை. பேரினத்துக்குள் நுழைந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. நிறத்தை நம்ப முடியாது. ஒரே சிற்றினத்தில் பச்சையும் உண்டு, பழுப்பும் உண்டு. கூம்பின் நீளமும் அதன் அடியில் உள்ள கறுப்புத் தடமும் ஓரளவு உதவும். அவையும் கைவிடும் இடத்தில் காதைத்தான் நம்ப வேண்டும்.

பாடுவது ஆண். இடது முன்சிறகின் அடிப்பக்கத்தில் அரம் போன்ற பல்வரிசை இருக்கிறது. வலது சிறகின் விளிம்பு அதில் உராயும்போது எழும் அதிர்வை, சிறகிலுள்ள மெல்லிய சவ்வு ஒலியாகப் பரப்புகிறது. கேட்கும் செவி இருப்பதோ முன்னங்கால்களில்!

ரோபஸ்டஸ் என்ற சிற்றினம் வினாடிக்குச் சுமார் 200 ஒலித்துடிப்புகளை எழுப்புகிறது. இவ்வளவு விரைவாகச் சுருங்கி விரியக் குளிர்ந்த தசையால் முடியாது. அதனால் பாடுவதற்கு முன்பே சிறகுத் தசைகளை நடுக்கி, மார்புப் பகுதியைச் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக்கிக்கொள்கிறது. இந்தப் பேரினத்தில் என்னை மிகவும் வியக்கவைப்பது இந்த ஆயத்தம்தான்.

ரோபஸ்டஸுக்கு 1862இல் அமெரிக்கப் பூச்சியியலாளர் ஸ்கடர் பெயரிட்டார். அந்த ஒரே பெயருக்குள் இரண்டு சிற்றினங்கள் ஒளிந்திருந்தது ஒரு நூற்றாண்டுக்குப் பிறகே தெளிவானது. ரோபஸ்டஸின் துடிப்புகள் சீரான இடைவெளியில் ஓடுகின்றன. மற்றொன்றின் துடிப்புகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து வருகின்றன. 1973இல் வாக்கர், ஒயிட்செல், அலெக்சாண்டர் மூவரும் அதைப் பிரித்து பைவோகேட்டஸ் என்று பெயரிட்டார்கள். நம் காதுக்கு இரண்டுமே ஓயாத இரைச்சல்தான். ஒலிப்பதிவை வரைபடமாக்கினால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

பெண்களுக்கு வரைபடம் தேவையில்லை. ரோபஸ்டஸ் பெண்ணுக்கு இடையில் அறுபடாத ஒலி வேண்டும். பைவோகேட்டஸ் பெண்ணோ இரட்டைத் துடிப்பின் தாளத்தைக் கேட்டுத்தான் நெருங்குகிறது. இரண்டும் கலந்துவிடாமல் தனித்தனிச் சிற்றினங்களாக நிற்க இந்தத் தேர்வு துணைபுரிகிறது.

பாட்டை வைத்துப் பெயர் சொல்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. குளிர்ந்த இரவில் துடிப்புகளின் வேகம் குறைந்துவிடும். அதனால் ஒலிப்பதிவோடு அந்த நேரத்து வெப்பநிலையையும் குறித்துவைக்க வேண்டும்.