ஆஸ்பத்திரிக்கு வீ.ஆர். மெஷின் வாங்கித் தர நினைப்பவர்களுக்கு

பித்தப்பைக் கல்லுக்கு ஒப்பரேஷன் என்று முடிவானதும் கிளினிக்கில் அநேகமாக இரண்டு கேள்விகள் வரும். "வெட்டிச் செய்யிறதோ, ஓட்டை போட்டோ?" என்பது முதலாவது. மற்றது கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி வரும்: "ஆர் டொக்டர் செய்வினம்? பெரியவர்தானே?"

நியாயமான கேள்விதான். போதனா வைத்தியசாலை என்றால் பட்டப்பின் பயிற்சியில் இருக்கும் இளைய வைத்தியர்களும் சத்திரசிகிச்சை செய்வார்கள். மூத்த நிபுணர் பக்கத்தில் நிற்பார். நீங்கள் தேடி வருகிற அந்தப் பெரியவரும் ஒரு காலத்தில் இப்படித்தான் பழகினார். ஆனால் அவர் காலத்தில் இல்லாத ஒரு வசதி இப்போது உண்டு: வீ.ஆர். (மெய்நிகர்) மெஷின், அதாவது கணினி வரைந்த வயிற்றில் ஒப்பரேஷனைப் பழகும் சிமுலேற்றர். முதல் தடுமாற்றங்களை எல்லாம் நோயாளியின் வயிற்றுக்கு வெளியிலேயே முடித்துவிட்டு வரலாம்.

ஓட்டை போட்டுச் செய்யும் முறைக்குப் பெயர் லப்ரஸ்கோபி. பார்ப்பதற்கு இலகுவாகத் தெரியும். வயிற்றில் 5 அல்லது 10 மில்லிமீற்றர் அளவில் மூன்று நான்கு துளைகள். காபனீரொட்சைட்டு வாயுவால் வயிற்றை ஊதி இடம் உண்டாக்கி, ஒரு துளையால் கமராவும் மற்றவற்றால் நீண்ட கருவிகளும் போகும். கிடுகு வேலிப் பொத்தலுக்குள்ளால் கொக்கத்தடியை விட்டு அடுத்த வளவு மாங்காயைப் பறித்துப் பார்த்தவர்களுக்கு இதன் சங்கடம் விளங்கும். கையை இடப்பக்கம் கொண்டுபோனால் தடியின் நுனி வலப்பக்கம் போகும், கையை உயர்த்தினால் நுனி இறங்கும். போதாததற்கு, கண் பார்ப்பது தட்டையான ஒரு திரையை, ஆழம் தெரியாது. விரலுக்குக் கிடைக்கும் தொடு உணர்வும் பெரும்பாலும் போய்விடும். வெட்டிச் செய்யும் சத்திரசிகிச்சையில் கைதேர்ந்தவர்கூட முதலில் தடுமாறுவார்.

1985இல் ஜேர்மனியில் எரிக் மூஹே இந்த முறையில் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். பத்து வருடத்துக்குள் உலகம் முழுக்க இதுவே வழமையாகிவிட்டது. பழகிக்கொள்ள வேறு வழி இல்லாததால் பலர் நோயாளிகளிலேயே பழகினார்கள். அந்த ஆரம்ப வருடங்களில் பித்தக்கான் (பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாய்) காயப்படுவது கூடியது. இது சின்ன விஷயமல்ல. பித்தக்கான் தவறுதலாக வெட்டுப்பட்டால் மஞ்சட்காமாலை, கிருமித் தொற்று, இன்னொரு பெரிய ஒப்பரேஷன் என்று அந்த நோயாளியின் வாழ்க்கையே மாறிவிடலாம்.

அப்புறம்தான் இந்தச் சிமுலேற்றர்கள் வந்தன. மேசையில் உண்மையான கருவிகளின் கைபிடிகள் போலவே இரண்டு இருக்கும். திரையில் கணினி வரைந்த வயிறு. சிலவற்றில் தலையில் மாட்டும் கண்ணாடியும் உண்டு, ஒப்பரேஷன் தியேட்டரே கண்முன் தெரியும். எனக்கு அந்தக் கண்ணாடியில் பெரிய மோகம் இல்லை; கைக்குக் கிடைக்கும் பயிற்சிதான் முக்கியம். வளையத்தைத் தூக்கி இடம் மாற்றுவதில் தொடங்கி, கிளிப் போடுவது, வெட்டுவது என்று போய், கடைசியில் முழுப் பித்தப்பையையும் அகற்றிப் பார்க்கலாம். எவ்வளவு நேரம் எடுத்தது, கருவியின் நுனி எவ்வளவு தூரம் வீணாக அலைந்தது, எந்தக் கை தடுமாறுகிறது, எங்கே தேவையில்லாமல் மின்கருவியால் இழையத்தைச் சுட்டீர்கள் என்று எல்லாவற்றையும் மெஷின் குறித்துவைக்கும். "பரவாயில்லை தம்பி, நல்லாச் செய்யிறீர்" என்று முகத்துக்காகச் சொல்லாது.

இதனால் உண்மையில் பலன் உண்டா? 2002இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிலுநர்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். சிமுலேற்றரில் பழகியவர்கள், உண்மையான நோயாளியில் பித்தப்பையை ஈரலிலிருந்து பிரிக்கும் வேலையை 29 சதவீதம் விரைவாக முடித்தார்கள். பழகாத குழுவில் பித்தப்பையைக் காயப்படுத்துவதோ வேறு இழையத்தைச் சுடுவதோ நடக்கும் வாய்ப்பு ஐந்து மடங்கு. 2009இல் டென்மார்க்கில் பெண்களின் பலோப்பியன் குழாயை (கருக்குழாயை) அகற்றும் சத்திரசிகிச்சையை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது. பழகாதவர்களுக்கு 24 நிமிடம் எடுத்த வேலை, பழகியவர்களுக்கு 12 நிமிடத்தில் முடிந்தது. 20 முதல் 50 சத்திரசிகிச்சை வரை செய்த ஒருவரின் அளவுக்கு அவர்களின் திறமை இருந்தது.

இதைச் சொன்னதும் எல்லாரும் மெஷினைத்தான் பார்க்கிறார்கள். இரண்டு ஆய்விலும் பயிலுநர்கள் 'இத்தனை மணித்தியாலம்' என்று பழகவில்லை. அனுபவசாலிகளை வைத்து முதலில் ஒரு அளவுகோல் போட்டு, அதை எட்டும்வரை பழகினார்கள். சிலர் அதைக் கெதியில் எட்டுவார்கள், சிலருக்கு நாட்கள் எடுக்கும். ஒரே நாளில் எட்டு மணித்தியாலம் இருந்து முறிவதைவிட, கிழமைக்குச் சில தடவை கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுவதே கையில் நிற்கும். சனி ஞாயிறு இரண்டு நாள் செயலமர்வு, கடைசியில் சான்றிதழும் குழுப்படமும் என்றால் பேஸ்புக்குக்கு நல்லது.

மெஷினால் முடியாததும் உண்டு. இழையத்தை இழுக்கும்போது கைக்குத் தெரியும் அந்தப் பிடியைப் பல சிமுலேற்றர்கள் சரியாகத் தருவதில்லை. வீங்கி ஒட்டிக்கிடக்கும் பித்தப்பையைப் பார்த்து "இனி வெட்டித்தான் செய்யவேண்டும்" என்று முடிவெடுக்கும் நிதானம் தியேட்டரில் மூத்தவருக்குப் பக்கத்தில் நின்றுதான் வரும். (ஓட்டை போட்டுத் தொடங்கி வெட்டி முடித்தால் டொக்டர் பிழைவிட்டார் என்று நினைக்கவேண்டாம். பல நேரம் அதுதான் உங்களைக் காப்பாற்றிய முடிவு.)

சரி, வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் சங்கத்து நண்பர்கள் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். "ஒரு மெஷின் வாங்கி அனுப்பினால் என்ன?" கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் இந்த மனசுக்கு யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிகள் நிறையக் கடமைப்பட்டிருக்கின்றன. ஆனால் முழு வசதியுள்ள ஒரு சிமுலேற்றரின் விலை பல்லாயிரம் டொலர். அதோடு மென்பொருள் உரிமம், வருடாந்தச் சேர்விஸ், ஏசி அறை, யூபிஎஸ் எல்லாம் வேண்டும். 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் போனதை மறந்திருக்கமாட்டீர்கள். சேர்விஸுக்கு ஆள் கொழும்பிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரவேண்டும் என்றால், முதல் பழுதோடு அது துணி போர்த்திய சாமான் ஆகிவிடும்.

அடிப்படைத் திறமைகளுக்குப் பெட்டிப் பயிற்சிக் கருவியும் ஏறத்தாழ அதே பலனைத் தருவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு பெட்டி, உள்ளே ஒரு வெப்கமரா, வெளியே ஒரு திரை, பழைய லப்ரஸ்கோபிக் கருவிகள், அவ்வளவுதான். உண்மையான தொடு உணர்வும் அதில் கிடைக்கும். தானாகப் புள்ளி போடாது, ஒரு மூத்தவர் பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும்.

ஆகவே என்னைக் கேட்டால், முதலில் நாலைந்து பெட்டிகளுக்கும் தையல் நூலுக்கும் காசு தாருங்கள். தரும்போதே மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: இரவுக் கடமை முடிந்து வருகிறவருக்கும் அறை திறந்திருக்குமா, சாவி யாரிடம், தியேட்டரில் தனியாகச் செய்யவிடுமுன் எந்த அளவை எட்டவேண்டும். ஒரு வருடம் கழித்து அந்த அறையின் வரவுப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். பக்கங்கள் நிரம்பியிருந்தால் பெரிய மெஷினைப் பற்றிக் கதைப்போம். அப்போதும் ஐந்து வருடச் சேர்விஸ் செலவையும் சேர்த்துத்தான்.