ரெண்டு கட்டு பீடியும் அரை மணி நேர நடையும்

முக்கூடல் பக்கம் இருக்கிற என் சித்திக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது தெருவில் யாரும் நம்பவில்லை. "உழைக்கிற உடம்புக்கு எப்படி வரும், அது உட்கார்ந்து திங்கிறவங்க வியாதில்லா" என்றார்கள். சித்தி உழைக்கிறவள்தான். ஆனால் உட்கார்ந்தே உழைக்கிறவள்.

திருநெல்வேலி, தென்காசி வட்டாரத்தில் ஆலங்குளம், முக்கூடல், கடையம், மேலப்பாளையம் என்று எந்தப் பக்கம் போனாலும் மடியில் தட்டோடு பெண்கள் பீடி சுற்ற உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்து, பதம் வந்ததும் தகர அளவை வைத்துக் கத்தரியால் வெட்டி, புகையிலைத் தூளை நிரவிச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கினால் ஒரு பீடி. 25 சேர்ந்தால் ஒரு கட்டு. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. சித்திக்கு ஆயிரம் முடிய ஒன்பது, பத்து மணி நேரம் ஆகும். விரல் நிற்காது. இடுப்புக்குக் கீழே எதுவும் அசையாது.

சாப்பிட்ட சோறு குளுக்கோஸாகி ரத்தத்தில் கலந்ததும், அதில் பெரும்பங்கை வாங்கி வைக்கிற கிடங்கு நம் தசைகள். தொடை, கெண்டைக்கால் தசைகள் அதில் பெரிய கிடங்கு. இன்சுலின் வந்து தட்டினால் கிடங்கின் கதவு திறக்கும். தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் தட்டாமலே அதே கதவு தானாகவும் திறக்கும். வயலில் நாற்று நடுகிறவளுக்கு இந்த ரெண்டாவது வழி நாள் முழுக்க வேலை செய்யும். சித்திக்கு அது காலையில் தண்ணீர் பிடிக்கும்போதும் சாயங்காலம் சுற்றிய பீடியைக் கொடுக்கப் பீடிக்கடைக்குப் போய் வரும்போதும் மட்டும்தான். விரல் தசைகள் எவ்வளவு ஓடினாலும் அவை செலவழிக்கிற சர்க்கரை சொற்பம்.

தட்டில் இருப்பதையும் சொல்ல வேண்டும். ரேஷன் அரிசி இந்த ஊர்களில் பட்டினியை விரட்டியது, அதைக் குறை சொல்ல நான் தயாரில்லை. ஆனால் பருப்பும் காயும் முட்டையும் காசு கேட்கும், சமைக்க நேரமும் கேட்கும். அவை குறையக் குறைய சோறு கூடும். சித்தியின் மதியச் சாப்பாடு பெரும்பாலும் சோறு, ரசம், ஒரு துவையல். சாப்பிட்ட கையோடு டீ. அந்த டீயில் இருக்கிற டானின், சோற்றிலும் பருப்பிலும் இருக்கிற கொஞ்சநஞ்ச இரும்புச்சத்தையும் உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் பிடித்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ரத்தசோகை கூடினவளை நடக்கச் சொன்னால் நாலு வீடு தாண்டுவதற்குள் மூச்சு வாங்கும்.

இன்னொன்று, சித்தி வாழ்நாளில் ஒரு பீடிகூடப் பிடித்ததில்லை. ஆனாலும் புகையிலையில் இருக்கிற நிக்கோட்டின் அவள் உடம்புக்குள் போகிறது, தூசியாக மூச்சிலும், ஈரக்கை வழியாகத் தோலிலும். நிக்கோட்டின் உடம்பில் சிதைந்தால் கோட்டினின் என்ற பொருள் உண்டாகும். புகைக்காத பீடித் தொழிலாளர்களின் சிறுநீரில் அதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். நிக்கோட்டின் பசியை மந்தமாக்கும். "வேலையில இருந்தா பசியே தெரியாதுய்யா" என்று சித்தி சொல்வதில் பாதி உழைப்பு, பாதி இந்த ரசாயனம் என்று நினைக்கிறேன்.

2017இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 15 மாநில ஆய்வு ஒன்றைக் கண்டது. தமிழ்நாடு மாதிரி வசதியான மாநிலங்களின் நகரங்களில், சர்க்கரை நோய் பணக்காரர்களைவிட ஏழைகளிடம் கூடுதலாகிவிட்டது. தெருவின் தீர்ப்பு அங்கெல்லாம் தலைகீழாகிவிட்டது.

அப்புறம் மனசு. சாயங்காலம் பீடிக்கடையில் எண்ணும்போது, சரியில்லை என்று கொஞ்சம் பீடியைக் கழித்துப் போடுவார்கள். கடையில் கொடுத்த இலை மோசமாக இருந்து எண்ணிக்கை குறைந்தால், சொந்தக் காசில் வெளியே இலை வாங்கிச் சரிக்கட்ட வேண்டும். எத்தனை கழியும் என்று சித்தியால் சொல்ல முடியாது. இந்த 'என் கையில் இல்லை' என்பது உடம்பில் என்ன செய்யும்? லண்டனில் அரசு ஊழியர்களிடம் 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வுகள் இதைத்தான் துருவின. அங்கே யாரும் பட்டினி கிடக்கிறவர் இல்லை. ஆனாலும் பதவிப் படியில் ஒவ்வொரு படி இறங்க இறங்க இதய நோய்ச் சாவு கூடியது. சிகரெட்டும் ரத்த அழுத்தமும் அதில் ஒரு பங்கைத்தான் விளக்கின. தன் வேலைமீது தனக்குப் பிடி இல்லாதவர்களுக்கு இதய நோய் கூடுதல் என்று பின்னர் வந்த இரண்டாம் ஆய்வு காட்டியது.

இதில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனுக்கும் பங்கு உண்டு. ஆபத்து என்றால் ஓடுவதற்கு வசதியாகக் கல்லீரலிலிருந்து குளுக்கோஸை ரத்தத்தில் இறக்கிவிடும். நாய் துரத்தினால் ஓடி அதைத் தீர்த்துவிடலாம். குழுக் கடன் தவணை துரத்தினால் எங்கே ஓடுவது? இறங்கிய சர்க்கரை அங்கேயே நிற்கும், வாரா வாரம்.

மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் பஸ், வரிசை, சீட்டு என்று மத்தியானம் ஆகிவிடும். சித்தி அதை ரூபாயில் சொல்ல மாட்டாள், "ஐநூறு பீடி போச்சு" என்பாள். அதனால் ரெண்டு மாதம் போவாள், மூன்றாம் மாதம் விடுவாள். டாக்டர் அதை 'அலட்சியம்' என்பார். 2021இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்து மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்ததும் சித்தி ஒரு மாதமும் தவறவில்லை. அவளுக்குப் புதிதாக யாரும் அறிவுரை சொல்லவில்லை, ஐநூறு பீடி மிச்சமானது, அவ்வளவுதான்.

நடைக்கு மட்டும் வழி பிறக்கவில்லை. "தினம் அரை மணி நேரம் நடக்கச் சொல்லுதாரு. ரெண்டு கட்டு போயிரும்லா" என்றாள். நீளமாக நடக்க முடியாவிட்டால், இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து ரெண்டு நிமிஷம் நடந்தாலே சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை குறையும் என்பதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு கட்டு சுற்ற அவளுக்குக் கால் மணி நேரம் ஆகும், அதை விட்டால் வேறு கணக்கு அவளிடம் இல்லை. "கட்டுக்கு ஒருதரம் எந்திரிச்சு வாசல் வரைக்கும் போயிட்டு வாங்க சித்தி" என்றேன்.

சித்தி தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் மனசுக்குள் ஏதோ கூட்டினாள். "கட்டுக்கு ரெண்டு நிமிசம்னா நாப்பது கட்டுக்கு எம்பது நிமிசம். நீ சொல்லுததுதான்யா கூட ஆவுது."