லாக்: பதிகையும் பதிவேடும்

வலைத்தளம் நடத்துகிறவர்கள் வாயில் நாள்தோறும் புழங்கும் சொல் 'லாக்'. தளம் திடீரென்று மெதுவானால் முதலில் எழும் கேள்வி, 'லாக்கில் என்ன இருக்கிறது?' என்பதுதான். தளத்தைத் தாங்கி, கேட்பவர்களுக்கு அனுப்பும் கணினிக்கு வழங்கி, அதாவது சர்வர், என்று பெயர். அது தனக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் அந்தந்த நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகிறது. முன்பு எழுதியதை அது திருத்துவதில்லை. அடியில் அடுத்த வரியைச் சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. அந்தக் கோப்புதான் லாக்.

இந்தச் சொல் பிறந்தது கடலில். ஆங்கிலத்தில் லாக் என்றால் மரக்கட்டை. கப்பலின் வேகத்தை அறிய மாலுமிகள் கயிற்றில் கட்டிய கட்டையைக் கடலில் எறிவார்கள். கட்டை நீரில் கிடந்த இடத்திலேயே கிடக்கும், கப்பல் முன்னே போகும், கயிறு அவிழ்ந்து ஓடும். வில்லியம் போர்ன் 1574இல் வெளியிட்ட கடலோடிகளுக்கான கையேட்டில் இந்த முறை விளக்கப்பட்டிருக்கிறது. பின்னாளில் கட்டைக்குப் பதில் கால்வட்டப் பலகை வந்தது. அது நிமிர்ந்து மிதப்பதற்காக வளைந்த விளிம்பில் ஈயம் பதித்தார்கள். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. நேரம் பார்க்க 28 விநாடி மணற்கடிகை. மணல் வடிந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கையை விட்டு நழுவினவோ, அதுவே ஒரு மணி நேரத்துக்கு அத்தனை கடல் மைல் வேகம். கப்பலின் வேகத்தை இன்றும் 'நாட்', அதாவது முடிச்சு, என்ற அளவில் சொல்வது இதனால்தான்.

அளந்த வேகத்தை நேரத்தோடும் திசையோடும் எழுதிவைத்த புத்தகம் 'லாக் புக்' ஆயிற்று. நாளடைவில் 'புக்' உதிர்ந்து, கட்டையின் பெயரே ஏட்டுக்கு நின்றுவிட்டது. வானூர்திகளும் ஆலைகளும் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டன, கணினியும் எடுத்துக்கொண்டது. 1960களில் பலர் ஒரே கணினியைப் பங்கிட்டுப் பயன்படுத்தும் முறை வந்தபோது, உள்ளே நுழைவதற்கு 'லாக் இன்' என்று பெயர் வந்தது. கணக்குப் பாடத்தில் வரும் 'லாக்', அதாவது மடக்கை, இதற்கு உறவே இல்லை. அது 1614இல் ஜான் நேப்பியர் கிரேக்கச் சொற்களைக் கொண்டு ஆக்கிய வேறொரு சொல்லின் சுருக்கம்.

இனி தமிழுக்கு வருவோம். 'பதிவு' என்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். ஆனால் அந்தச் சொல்லின் தலையில் ஏற்கெனவே ஏகப்பட்ட சுமை. பத்திரத்தைப் பதிவதும் பதிவு, ஒலியைப் பதிவதும் பதிவு, முகநூலில் நாலு வரி எழுதுவதும் பதிவு. 'வலை' என்று முன்னால் சேர்த்தாலும் பயனில்லை. வலைப்பதிவு என்றால் எல்லோரும் வேறொன்றைத்தான் நினைப்பார்கள். ஆங்கிலத்திலும் 'வெப் லாக்' முதலில் வழங்கியின் ஏட்டைத்தான் குறித்தது. 1997க்குப் பிறகே தனிமனிதர் எழுதும் நாட்குறிப்புக்கு அந்தப் பெயர் போனது.

தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் பழகியவர்கள் 'லாக் இன்', 'லாக் அவுட்' என்பவற்றுக்கு அங்கே வழங்கும் 'புகுபதிகை', 'விடுபதிகை' என்ற சொற்களை அறிவார்கள். வருகை, செய்கை போலவே பதி என்ற வினையோடு 'கை' விகுதி சேர்ந்து பதிகை. அழகான சொல், பிற சுமை ஏதும் இல்லாத சொல். என் கருத்தில், லாக்கின் ஒரு வரியைப் பதிகை என்றும், அவ்வரிகள் அடங்கிய கோப்பைப் பதிவேடு என்றும் பிரித்து வழங்குவதே சரி. ஆங்கிலத்தில் இரண்டையும் 'லாக்' என்றே சொல்லிக் குழப்புவதுண்டு. நாமும் குழம்பத் தேவையில்லை.

ஒரு பதிகையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். எழுத்தைத் தமிழாக்கிச் சற்றே சுருக்கினால் அது இப்படி இருக்கும்:

203.0.113.25 - - [12/மார்/2024:06:41:09 +0000] "கெட் /படங்கள்/மலர்" 404 196

முதலில் கேட்டவரின் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அவருடைய இணைப்பை அடையாளம் காட்டும் எண். அடுத்த இரண்டு கோடுகள், பயனர் யார் என்று தெரியாததால் வெறுமையாக விட்ட இடங்கள். பிறகு நேரம், கேட்ட பொருள் ('கெட்' என்பது 'கொடு' என்னும் கட்டளை), விடையின் எண், அனுப்பிய பைட்டுகள். 404 என்றால் கேட்டது இங்கே இல்லை. 200 என்றால் கொடுத்தாயிற்று. 500 என்றால் வழங்கியே தடுமாறிவிட்டது. அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ என்ற கணினி ஆய்வு மையம் உருவாக்கிய வழங்கி மென்பொருளில் தொடங்கிய இந்த வடிவத்தை அப்பாச்சி என்ற வழங்கி மென்பொருள் இன்றும் எழுதுகிறது. விரிந்த வடிவத்தில் இன்னும் இரண்டு உண்டு: எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், எந்த உலாவியில் வந்தார். முன்னதைக் குறிக்கும் 'ரெஃபரர்' என்ற சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டு, அந்தப் பிழை உலாவியும் வழங்கியும் பேசிக்கொள்ளும் விதிமுறையான எச்டிடிபிக்கு 1996இல் வெளியான ஆவணத்திலும் ஏறி, இன்றுவரை அப்படியே நிற்கிறது.

பதிவேட்டைப் பகுப்பாய்வது என்றால் என்ன என்பதைக் கணக்கியல் படித்தவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். நடவடிக்கைகளைத் தேதி வரிசையில் எழுதுவது குறிப்பேடு. அவற்றைத் தலைப்புவாரியாக எடுத்தெழுதுவது பேரேடு. வழங்கி எழுதுவது குறிப்பேடு மட்டுமே. எந்தப் பக்கம் எத்தனை முறை கேட்கப்பட்டது, எந்த முகவரி ஓயாமல் தட்டுகிறது என்று பேரேடு போட்டுத் தருவதுதான் அலசல் மென்பொருளின் வேலை. அனலாக், வெப்அலைசர், ஏடபிள்யூஸ்டாட்ஸ், கோஅக்சஸ் எல்லாம் இதைச் செய்பவை.

அலசலில் அடிக்கடி வரும் 'டிராஃபிக்' என்பதற்குப் போக்குவரத்தா, வருகையா? இரண்டும் வேண்டும், ஆனால் இடம் பார்த்து. மொத்தக் கோரிக்கைகளையும் பைட்டுகளையும் பேசும்போது போக்குவரத்து. ஆட்களைப் பேசும்போது வருகை. இருபது படங்கள் உள்ள ஒரு பக்கத்தை ஒருவர் ஒரே ஒருமுறை திறந்தாலும் ஏட்டில் இருபத்தொரு பதிகைகள் விழலாம். தேடுபொறிகளின் தானியங்கிகள் வேறு இரவு பகலாக வந்துபோகும். மறுபுறம், உலாவி தன்னிடம் சேமித்துவைத்த பிரதியையே காட்டிவிட்டால், ஆள் பார்த்தும் ஏட்டில் ஒரு வரியும் இராது. ஆகவே 'ஒரு லட்சம் ஹிட்' என்பதை 'ஒரு லட்சம் பேர் வந்தார்கள்' என்று எழுதுவது பிழை. 'ஹிட்' என்பதற்குக் கோரிக்கை என்ற சொல்லே போதும். அதை எழுதினால் அந்தப் பிழை தானாகவே விலகிவிடும்.

'லாக் ரொட்டேஷன்' என்பதைச் 'சுழற்சி' என்று எழுதுகிறார்கள். அங்கே எதுவும் சுழல்வதில்லை. நிரம்பிய பதிவேட்டுக்கு எண்ணிட்டு ஒதுக்கி, புதியதைத் திறந்து, மிகப் பழையதை நீக்கிவிடுகிறார்கள். இதற்கு 'ஏடு மாற்றுதல்' என்பதே பொருந்தும். ஐபி முகவரி தனிமனிதத் தரவாகலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தபின், பழைய ஏடுகளை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பது அங்கே சட்டம் சார்ந்த கேள்வியாகவும் இருக்கிறது.