நாலு கிலோ பெட்டி, நூறு லிட்டர் இடம்

சென்னை விமான நிலையத்தில் செக்-இன் கவுன்டர். பெரிய சூட்கேஸைத் தூக்கி பெல்ட்டில் வைத்தேன். தராசுத் திரையில் 3.9 என்று வந்தது. கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

“சார், பெட்டி காலியா இருக்கே?”

“காலிதாம்மா. திரும்பி வரும்போதுதான் சாமான்.”

அக்கா மகள் கல்யாணத்துக்கு சிங்கப்பூரில் வாங்க வேண்டியவை என்று ஒரு நீளமான பட்டியல் என் பையில் இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே டேக்கை ஒட்டி அனுப்பிவிட்டார். காலிப் பெட்டியை அனுப்பத் தடை எதுவும் கிடையாது. உள்ளே பட்டுப்புடவை இருந்தாலும் ஒன்றுமே இல்லாவிட்டாலும் விமான நிறுவனத்தின் கணக்கில் அது ஒரு பெட்டி. ஆனால் ரப்பர் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன பிறகு, காலிப் பெட்டி படும் பாடும் நிறைந்த பெட்டி படும் பாடும் ஒன்றல்ல.

முதலில் அந்த டேக். அதில் பத்து இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இலக்கம் என்ன வகைப் பெட்டி என்பதற்கு. அடுத்த மூன்றும் விமான நிறுவனத்துக்கு: ஏர் இந்தியாவுக்கு 098, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618. கடைசி ஆறு வரிசை எண். இந்தப் பத்து இலக்கம்தான் பார்கோடாகவும் அச்சாகியிருக்கிறது. அதே பார்கோடு டேக்கில் ஒருமுறை நெடுக்காகவும் ஒருமுறை குறுக்காகவும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பெட்டி எந்தப் பக்கம் திரும்பி வந்தாலும், சுற்றிலும் இருக்கும் லேசர் கதிர்களில் ஏதோ ஒன்று கோடுகளைக் குறுக்கே வெட்டிப் படித்துவிட வேண்டும் என்பதற்காக அப்படி.

காலிப் பெட்டிதானே, ஆள் ஏறாவிட்டால் என்ன, அது பாட்டுக்குப் போகட்டும் என்றும் விடமாட்டார்கள். 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அருகே கடலின் மேல் வெடித்துச் சிதறி 329 பேர் இறந்தார்கள். குண்டு வைத்த பெட்டியை கனடாவில் செக்-இன் செய்தவர் விமானத்தில் ஏறவே இல்லை. பயணி ஏறாவிட்டால் அவருடைய பெட்டியைத் தேடி எடுத்து இறக்கிவிடும் நடைமுறை அதற்குப் பிறகுதான் உலகெங்கும் இறுகியது. கிளம்ப வேண்டிய விமானம் ஒரு பெட்டிக்காக அரைமணி நேரம் நிற்கும்போது நாம் எரிச்சல்படுகிறோம். அந்த 329 பேரை நினைத்தால் எனக்கு அந்த எரிச்சல் வருவதில்லை.

சரி, பெட்டி பெல்ட்டில் போகிறது. எடை குறைந்த பெட்டி சரிவான பெல்ட்டில் வழுக்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சரிவில் வழுக்குவதற்கும் எடைக்கும் தொடர்பில்லை. கீழே இழுக்கும் விசையும் எடையைப் பொறுத்தது, பிடித்து நிறுத்தும் உராய்வும் எடையைப் பொறுத்தது. இரண்டும் ஒரே அளவில் குறைவதால் நாலு கிலோவும் இருபது கிலோவும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். தொல்லை வேறு இடத்திலிருந்து வருகிறது. பெட்டியின் எடையைப் பார்க்காமல் எல்லாப் பெட்டிகளையும் ஒரே மாதிரி தள்ளும் விசைகள் சில வழியில் இருக்கின்றன. எக்ஸ்-ரே இயந்திரத்தின் வாயில் தொங்கும் ஈயம் கலந்த கனமான திரை, பெல்ட்டின் ஓரத் தடுப்பு, பின்னால் வந்து இடிக்கும் அடுத்த பெட்டி. கனமான பெட்டி திரையை விலக்கிக்கொண்டு போய்விடும். லேசான பெட்டி அங்கேயே தயங்கி நிற்கும், அல்லது கோணலாகத் திரும்பும். நாலு சக்கரப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டால் இன்னும் மோசம். உராய்வு பிடிக்க வேண்டிய இடத்தில் சக்கரம் உருளும். பெட்டியைப் படுக்கவைக்கச் சொல்வதும், ரொம்ப லேசானவற்றைப் பிளாஸ்டிக் தட்டில் வைத்து அனுப்புவதும் இதனால்தான்.

எக்ஸ்-ரேக்குள் காலிப் பெட்டி அழகான காட்சி. முன்பெல்லாம் நம் ஊர் விமான நிலையங்களில் செக்-இன்னுக்கு முன்னாலேயே பெட்டியை எக்ஸ்-ரேயில் விட்டு, பிளாஸ்டிக் பட்டை போட்டுத் தருவார்கள். அப்போது எட்டிப் பார்த்தால் திரை தெரியும். கருவி இரண்டு வேறு ஆற்றல்களில் கதிரைச் செலுத்தி, பொருள் எவ்வளவு விழுங்குகிறது என்று ஒப்பிட்டு நிறம் கொடுக்கிறது. துணி, சோறு, பிளாஸ்டிக் போன்ற கரிமப் பொருட்களுக்கு ஆரஞ்சு, இரும்பு போன்ற கனமான உலோகத்துக்கு நீலம், இடைப்பட்டவற்றுக்குப் பச்சை. நிறைந்த பெட்டி என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக நிறங்கள் குழம்பிக் கிடக்கும். காலிப் பெட்டியில் எலும்புக்கூடு மட்டும்தான்: கைப்பிடியின் இரண்டு கம்பிகள், சக்கரங்களின் அச்சு, பூட்டு, சுற்றிலும் ஜிப்பின் மெல்லிய கோடு. இன்று பெரிய விமான நிலையங்களில் இருப்பது மருத்துவமனை சி.டி. ஸ்கேன் மாதிரியான கருவி. பெட்டியைச் சுற்றிச் சுழன்று துண்டு துண்டாகப் படமெடுத்து, ஒவ்வொரு பொருளின் அடர்த்தியையும் கணக்கிடும். அதற்குக் காலிப் பெட்டி மிகச் சுலபமான வேலை.

விமானத்தில் ஏற்றும் இடத்தில்தான் விஷயம் சுவாரசியமாகிறது. என் பெட்டி 75 செ.மீ. உயரம், 50 அகலம், 30 கனம். பெருக்கினால் ஏறக்குறைய 112 லிட்டர். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்த 112 லிட்டரை விமானத்தில் வேறு எதற்கும் தர முடியாது. எடையில் நாலு கிலோ, இடத்தில் முழுப் பெட்டி.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. பெரிய விமானங்களின் அடித்தளத்தில் எல்.டி.3 என்ற அலுமினிய கன்டெய்னர்களில் பெட்டிகளை அடுக்குகிறார்கள். ஓரம் சரிவாக வெட்டப்பட்ட, விமானத்தின் வளைந்த வயிற்றுக்குப் பொருந்தும் பெட்டகம் அது. கொள்ளளவு சுமார் 4.3 கன மீட்டர், கன்டெய்னரையும் சேர்த்து 1,588 கிலோ வரை ஏற்றலாம். அதில் என் பெட்டி அளவில் 35 பெட்டிகள் அடுக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் முழு 23 கிலோ என்றாலே 805 கிலோதான். கன்டெய்னரின் சொந்த எடையைச் சேர்த்தாலும் வரம்பில் பாதிக்குச் சற்று மேல். ஆனால் இடம் முடிந்துவிட்டது. பயணிகளின் பெட்டிகளைப் பொறுத்தவரை முதலில் தீர்ந்துபோவது இடம், எடை அல்ல.

சரக்கு அனுப்புகிறவர்களுக்கு இது பழைய பாடம். விமானச் சரக்கில் 6,000 கன செ.மீ. இடத்தை ஒரு கிலோவாகக் கணக்கிட்டு, உண்மையான எடை, இடத்தின் எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார்கள். என் காலிப் பெட்டியைச் சரக்காக அனுப்பியிருந்தால் 112,500-ஐ 6,000-ஆல் வகுத்து 18.75 கிலோவுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். பயணியாகப் போனதால் 3.9 என்று எழுதிக்கொண்டார்கள்.

எடை குறைந்ததில் லாபம் இல்லாமல் இல்லை. நீண்ட தூர விமானத்தில் கூடுதலாக ஏற்றும் எடையைச் சுமக்க, மணிக்கு அந்த எடையில் ஏறக்குறைய 3 சதவீத எரிபொருள் செலவாகும். சிங்கப்பூருக்கு நாலு மணி நேரம். என் பெட்டிக்கு அரைக் கிலோ எரிபொருள் போதும். 23 கிலோ பெட்டிக்கு இரண்டே முக்கால் கிலோ.

இன்னொன்று. காலிப் பெட்டி என்று சொல்கிறோமே தவிர, அதற்குள் 112 லிட்டர் காற்று இருக்கிறது. சென்னை வெயிலில் அதன் எடை சுமார் 130 கிராம், ஒரு சின்ன சோப்புக் கட்டி அளவு. சரக்கு அறையும் பயணிகள் அறை மாதிரியே காற்றழுத்தம் கொடுக்கப்பட்டதுதான். இரண்டும் ஒரே உடலுக்குள் இருக்கின்றன. ஆனால் அந்த அழுத்தம் தரையில் உள்ள அளவுக்கு இருக்காது. 8,000 அடி உயர மலையில் நிற்பது போல, தரை அழுத்தத்தில் முக்கால்வாசி வரை இறங்கும். ஆக, விமானம் மேலே ஏற ஏற என் பெட்டியிலிருந்து சுமார் 30 கிராம் காற்று ஜிப் பல்லிடுக்கு வழியாக வெளியேறியிருக்கும். இறங்கும்போது அதே அளவு உள்ளே வந்திருக்கும்.

ஜிப் காற்றை விடாமல் பிடித்திருந்தால் என்ன ஆகும்? பெட்டியின் பெரிய முகத்தின் மேல் உள்ளிருந்து கிட்டத்தட்ட ஒரு டன் அளவுக்கு விசை தள்ளும். கேமரா கருவிகளுக்கான, தண்ணீர் புகாத கெட்டிப் பெட்டிகளில் ஒரு சின்ன வால்வு வைத்திருப்பது இதற்காகத்தான். சாதாரண சூட்கேஸில் ஜிப்பே வால்வு.

சிங்கப்பூரில் பெல்ட்டில் என் பெட்டி வந்தபோது அகலமான முகத்தின் நடுவே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு குழி.

யாராவது தூக்கிப் போட்டிருப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது 23 கிலோ பெட்டி தரையில் மோதும் ஆற்றல் 225 ஜூல். என் பெட்டிக்கு 40 ஜூல் கூட இல்லை. தான் விழுந்து அடிபடும் விஷயத்தில் காலிப் பெட்டிக்கு ஆபத்து குறைவு. அதை நசுக்குவது மற்றவர்களின் பெட்டி. கன்டெய்னரில் படுக்கவைத்து ஐந்து அடுக்கு அடுக்கினால், அடியில் இருப்பதன் மேல் 80, 90 கிலோ உட்காரும். விமானம் தரையைத் தொடும் நொடியில் அழுத்தம் இன்னும் கூடும்.

நிறைந்த பெட்டி இதைத் தாங்குவதற்குக் காரணம் அதன் ஓடு அல்ல. குடோனில் அரிசி மூட்டைகளை ஆளுயரத்துக்கு அடுக்குகிறார்கள். மேல் மூட்டையைச் சுமப்பது சாக்கு இல்லை, உள்ளே இருக்கும் அரிசி. சூட்கேஸிலும் மடித்து இறுக்கிய துணிதான் சுமையை வாங்கிக்கொள்கிறது. துணி இல்லாவிட்டால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஓடு தனியாக நிற்க வேண்டும். பெட்டி முழுக்க வரிவரியாகப் பள்ளம் இருப்பது அந்த ஓட்டுக்கு உதவத்தான். தகரக் கூரை நெளிநெளியாக இருப்பதும் இதே காரணத்துக்காக. தட்டையான தகடு சுலபமாக வளையும், நெளிவு போட்டால் கனம் கூட்டாமலே விறைப்பு கூடும். ஜெர்மனியின் ரிமோவா நிறுவனம் 1950-ல் யுங்கர்ஸ் விமானங்களின் நெளிதகட்டு உடலைப் பார்த்துத்தான் தன் அலுமினியப் பெட்டிகளுக்கு இந்த வரிகளைக் கொண்டுவந்தது. விமானத்தின் தோல் விமானத்துக்குள் ஏறும் பெட்டிக்கும் வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த கதை.

அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, உள்துணியை விலக்கி, குழியின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். ‘டொப்’ என்று ஒரு சத்தம். குழி போயே போய்விட்டது. தடவிப் பார்த்தேன், விரிசல் எதுவும் இல்லை. காரணம் பாலிகார்பனேட். 1953-ல் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல் உருவாக்கிய பிளாஸ்டிக் இது. வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன்களில் பல இதில் செய்தவைதான். காலி கேனை ஆட்டோவில் தூக்கிப் போட்டாலும் நெளியுமே தவிர லேசில் உடையாது. விலை குறைந்த பெட்டிகளில் வரும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் அந்த அளவுக்கு வளையாது. அதே சுமையில் அது மூலையில் கீறல் விட்டிருக்கலாம்.

திரும்பக் கொண்டுவரும் சாமானுக்காகக் காலிப் பெட்டி எடுத்துப்போகிறவர்கள் அதற்குள் இன்னொரு சின்னப் பெட்டியை வைத்துவிடுவது நல்லது. கணக்கில் ஒரே பெட்டிதான், ஆனால் உள்ளே சுமை தாங்க ஒரு ஆள் கிடைத்துவிடும். சின்னப் பெட்டி இல்லையென்றால் மடிக்காத அட்டைப்பெட்டி ஒன்றிரண்டு, அல்லது ஒரு ஜோடி தலையணை. எடை பெரிதாக ஏறிவிடாது. படுக்கவைத்து அனுப்புங்கள். பெல்ட்டிலிருந்து எடுத்ததும் அங்கேயே நாலு பக்கமும் திருப்பிப் பாருங்கள். உடைந்திருந்தால் அந்தக் கூடத்தை விட்டு வெளியே வருவதற்குள் பெட்டிகளுக்கான கவுன்டரில் எழுதிக் கொடுத்துவிடுவது சுலபம். வீட்டுக்கு வந்து பார்த்தாலும், சர்வதேசப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி பெட்டி கைக்கு வந்த ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும்.